பாயிரமும் பரிந்துரையும்

சென்ற ஆண்டு விழா முடிந்து, பந்தல் பிரித்த மறுநாள், நம் காலனிப் பெண் ஒருத்தி சங்கத்து நூலக அறைக்கு வந்தாள். வயது பதினாறு இருக்கலாம். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்பவள். தமிழைத் தன் பாட்டியிடம் எழுத்துக் கூட்டிக் கற்றவள். அன்று அறைச்சாவி நம் பொறுப்பில் இருந்தது. "மாமா, இதிலே நான் எதைப் படிக்கலாம்?" என்று கேட்டாள். நாம் நான்கு பீரோக்களையும் ஒருமுறை நோக்கினோம். "எல்லாம் நல்ல நூல்கள்தாம் அம்மா, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்" என்றோம். அவள் சற்று நேரம் நின்றாள். நூல்களின் முதுகிலிருந்த பெயர்களைத் தலை சாய்த்துப் படித்துப் பார்த்தாள். பின்னர் வெறுங்கையோடு போய்விட்டாள்.

நாம் சொன்ன விடை ஏன் விடையாகவில்லை என்று பல நாள் எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. நாம் புலவர் அல்லேம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, பதிவேடுகளோடு பாதி வாழ்நாளைக் கழித்தவர். எனினும் ஒரு நூலை மற்றொருவர் கையில் கொடுப்பதற்கு நம் முன்னோர் என்ன முறை வகுத்தனர், அம்முறை எங்கே வழுவிற்று என்பதை அறிந்த அளவில் கூற முற்படுகின்றோம். குற்றம் உளதாயின் கற்றோர் பொறுத்தருள்க.

தமிழில் நூலுக்கு முன்னே நிற்பது பாயிரம். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாயிரம் செய்தார். நன்னூலார் பாயிரத்துக்கு இலக்கணமே வகுத்தார். அவர் அதற்கு வழங்கும் பெயர்களுள் அணிந்துரை என்பதும் ஒன்று, புனைந்துரை என்பதும் ஒன்று. (பின்னதன் பொருளை இக்காலத்து அணிந்துரைகள் சிலவற்றைப் படிக்கும்பொழுது நன்கு உணர்கின்றோம்.) நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்ந்து கொள்ளுதல் தகாது என்று விலக்கிவிட்டு, அவனுக்காகப் பாயிரம் சொல்லத் தக்கவர் யார் யார் என்றும் வரையறுக்கின்றார்: அவன் ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், உரை வகுத்தவர். அஃதாவது, நூலையும் ஆசிரியனையும் நெருங்கி அறிந்தவரே பேசலாம். வழியே போகிறவர் பேசலாகாது.

இனிச் சிறப்புப் பாயிரத்தில் என்னென்ன இருத்தல் வேண்டும்? ஆக்கியவன் பெயர், நூலின் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, யாப்பு, சொல்லும் பொருள், படிப்பதனால் வரும் பயன் ஆகியவற்றோடு மற்றொன்றையும் நன்னூலார் சேர்க்கின்றார். அதுவே 'கேட்போர்'. இந்நூல் யாருக்கு உரியது, இதனைக் கேட்கத் தகுந்தவர் யார் என்பது. ஒரு நூலைக் குறித்துச் சொல்லுமிடத்து அதன் பொருளைச் சொன்னால் மட்டும் போதாது, பயனைச் சொன்னால் மட்டும் போதாது. யாருக்கு என்பதையும் சொல்ல வேண்டும் என்று ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் விதித்துள்ளனர். நாம் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன விடையில் இல்லாமற்போனது இந்த ஒன்றுதான்.

ஈண்டு நம் பெங்களூர் அன்பர்களுக்கு ஒரு செய்தி. பவணந்தி முனிவரை நன்னூல் செய்யத் தூண்டியவன் சீயகங்கன் என்னும் சிற்றரசன். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தவன். அவன் பிறந்த கங்கர் மரபினர் குவளாலபுரத்தைத் தம் பட்டப் பெயரோடு சேர்த்து வழங்கிக் கொண்டவர்கள். குவளாலபுரமாவது, நாம் பங்காருபேட்டை வழியாகச் செல்லும் கோலாரே. தமிழ் இலக்கண நூலொன்றுக்கும் இவ்வட்டாரத்துக்கும் உள்ள இந்த உறவை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நலம்.

கேட்போரை நம் முன்னோர் எவ்வளவு மதித்தனர் என்பதற்கு இறையனார் அகப்பொருள் உரையில் வரும் கதை ஒன்று போதும். அந்நூலுக்குச் சங்கப் புலவர் பலரும் உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்று வழக்கு மூண்டது. தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்டவன் அரசனுமல்லன், ஆசிரியனுமல்லன்; உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன். அவன் ஊமை. புலவர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் உரையைச் சொல்ல அவன் வாளா இருந்தான். மருதன் இளநாகனார் உரைத்தபொழுது சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் நிறுத்தினான். நக்கீரனார் உரைத்தபொழுதோ சொல்தோறும் அவ்வாறு ஆயினான். அதுவே மெய்யுரை என்று முடிவாயிற்று. கதை கதையாகவே இருக்கட்டும். பேசத் தெரியாதவன் கண்ணீரைக் காட்டிலும் பெரிய மதிப்புரை உண்டோ? பொன்னையும் பதவியையும் எதிர்பார்க்கும் வாய் அவனுக்கு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அச்சு வந்தது. 1835-ஆம் ஆண்டுக்குப் பின்னர் இந்தியர் அச்சகம் வைத்து நடத்துவதற்கு இருந்த தடை நீங்கிற்று. ஏட்டில் உறங்கிய நூல்கள் காகிதத்தில் ஏறின. புதிய நூல்களும் பெருகின. பாயிரமும் பெருகிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நூல்களைப் புரட்டினால், நூலைத் தொடுவதற்கு முன்னரே சிறப்புப் பாயிரமும் சாற்றுகவியும் பக்கம் பக்கமாக வரிசை கட்டி நிற்கும். இன்ன மடத்து வித்துவான், இன்ன பள்ளித் தமிழ்ப் பண்டிதர், இன்ன ஊர் மிராசுதார் என்று அடைமொழிகளோடு பெயர்கள் வரும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் (1815–1876) சிறப்புப் பாயிரம் பெற்றுப் போனவர் பலர். பிள்ளையவர்கள் இல்லை என்று சொல்ல அறியாதவர்.

பாடல்கள் அழகியவை, பாடியவர்களும் பெரியவர்கள். ஆயினும் ஒரு குறை. எல்லாப் பாடலும் எல்லா நூலையும் அமுதம் என்றே சொல்லுகையில், வாங்க வந்தவன் எதைக் கொண்டு தெரிந்தெடுப்பான்? ஆக்கியோன் பெயர் இருந்தது; புகழ் மிகுதியாகவே இருந்தது; கேட்போர் மறைந்து போனார். அக்காலத்து வாசகன் பாடல்களைத் தள்ளிவிட்டு முகப்புப் பக்கத்தை நோக்கக் கற்றுக்கொண்டான். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) பரிசோதித்தது என்று அங்கே இருந்தால், பிழை இராது என்று நம்பிப் பணம் கொடுத்தான். நாவலர் நூலைப் புகழவில்லை; தம் கண்ணால் எழுத்தெழுத்தாகப் பார்த்தார். அந்த உழைப்பே சான்றாயிற்று.

இதற்கிடையே, கற்றோர் ஏறெடுத்தும் பாராத இடத்தில் 'கேட்போர்' உயிரோடு இருந்தார் என்பது நமக்கு வியப்பளித்த செய்தி. 'பெரிய எழுத்து' என்று போட்டு விற்ற நூல்களைப் பெரியவர்கள் அறிவார்கள்: பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை என்பன. சந்தையிலும் திருவிழாவிலும் தரையில் பரப்பி விற்றவை. சாற்றுகவி ஒன்றும் கிடையாது. அட்டையிலுள்ள அந்த இரண்டு சொற்களே அவற்றின் பாயிரம். கண் மங்கிய கிழவனுக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெண்ணுக்கும், விளக்கடியில் பத்துப் பேருக்கு உரக்கப் படித்துக் காட்டுபவனுக்கும் உரியது இது என்று அவை சொல்லிவிடும். மலிவான காகிதத்தில் பிழை மலிந்த அச்சுத்தான். ஆனால் யாருக்கு என்பதில் ஐயமே இல்லை.

இனி, தமிழுலகில் நிகழ்ந்த பரிந்துரைகளுள் தலையாயது என நாம் கருதுவதைச் சொல்ல வேண்டும். 1880-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள், கும்பகோணம். அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராகப் புதிதாக அமர்ந்த உ. வே. சாமிநாதையருக்கு அப்பொழுது வயது 25. அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்தார் சேலம் இராமசாமி முதலியார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சொல்லியனுப்ப, ஐயர் அவரைப் போய்க் கண்டார். முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று வினவினார். ஐயர் மிக்க ஊக்கத்தோடு தாம் மகாவித்துவானிடம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் அடுக்கினார். கேட்டவர் முகத்தில் மலர்ச்சி இல்லை. இவற்றால் என்ன பயன் என்னும் பொருள்படக் கேட்டுவிட்டு, இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். ஐயர் அதன் பெயரைக் கேட்டிருந்தாரேயன்றி, ஏட்டைத் தொட்டதில்லை.

பின்பு நடந்ததை நாடறியும். முதலியாரே தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் பாடம் சொல்லும்படி வேண்டினார். சைவ மரபில் வளர்ந்த ஐயர், அந்தச் சமண காவியத்தின் பொருள் விளங்காத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சைனர் வீடுகளைத் தேடிச் சென்றார். 1887-இல் சிந்தாமணி அச்சேறிற்று. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. (சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களும் அதே ஆண்டுகளில் தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்து வந்தார் என்பதை மறத்தலாகாது.)

அந்த முன்சீப் சிந்தாமணியை ஒரு சொல்லேனும் புகழ்ந்தாரா? அன்று புகழ்ந்ததாக ஐயர் எழுதவில்லை. அவர் செய்தவை மூன்றே. எதிரே இருப்பவர் எதைப் படித்திருக்கின்றார் என்று முதலில் கேட்டறிந்தார். அவரிடம் இல்லாதது எது என்று கண்டார். அதைத் தம் கையால் கொடுத்தார். எதிரே இருந்தவர் இன்னார் என்று அறிந்த பின்னரே நூலின் பெயர் அவர் வாயில் வந்தது. கேட்ட கணத்தில் ஐயருக்கு மனவருத்தம் உண்டாயிற்று என்பதும் உண்மை. இதமாகச் சொன்னால்தான் பரிந்துரை என்பார் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே போன்றதொரு நிகழ்ச்சி இரயில் நிலையத்திலும் நடந்துள்ளது. நம் இலாகாவின் பெருமைக்காக அதையும் சொல்லிவிடுகின்றோம். 1904-ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்ட காந்தியடிகளை வழியனுப்ப நண்பர் போலக் நிலையத்துக்கு வந்தார். வழியில் படிக்கத் தக்கது, உங்களுக்குப் பிடிக்கும் என்று ரஸ்கினுடைய சிறு நூலொன்றைக் கையில் கொடுத்தார். எடுத்த நூலைக் காந்தியடிகளால் கீழே வைக்க முடியவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை. அவ்வாண்டிலேயே பீனிக்ஸ் குடியிருப்புப் பிறந்தது. பின்னர் அந்நூலின் கருத்தையே 'சர்வோதயம்' என்று குஜராத்தியில் எழுதினார். அந்த நிலையத்து மேடையில் புத்தகக் கடை இருந்ததோ இல்லையோ, நாம் அறியோம். இருந்திருந்தாலும் அந்த ஒரு நூலை அந்த ஒரு பயணிக்கு எடுத்துக் கொடுக்க ஒரு போலக் வேண்டும்.

பத்திரிகைகள் வந்தபின் பாயிரத்தின் இடத்தை மதிப்புரை பிடித்துக்கொண்டது. அதன் வரலாறு நீண்டது. ஈண்டு விரிக்க இடமில்லை. மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்புக என்ற வழக்கமும், வந்த பிரதிக்கு நன்றியாக நாலு வரி நல்வார்த்தை எழுதும் வழக்கமும் சேர்ந்து, பழைய சாற்றுகவியையே உரைநடையில் மீட்டுத் தந்தன என்று சொல்லத் தோன்றுகிறது. விலக்காக நின்றவர் சிலர். க. நா. சுப்ரமண்யம் (1912–1988) தமக்குப் பிடித்த நூல்களைக் குறித்து எழுதியவற்றுக்கு 'படித்திருக்கிறீர்களா?' என்றே பெயரிட்டார். முன்சீப் முதலியார் கேட்ட அதே கேள்வி. அவர் பட்டியலில் இடம்பெறாதவர்கள் வெகுண்டனர். வாசகர்களோ பட்டியலை வைத்துக்கொண்டு நூல்களைத் தேடினர். 1959-இல் 'எழுத்து' ஏட்டைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, தாம் வெளியிட்ட நூல்களை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்றார். தோளில் சுமந்து கொண்டு வந்து ஒருவர் நீட்டும் நூலை வேண்டாம் என்று சொல்லுவது எளிதன்று.

நிற்க. நூலையும் வாசகரையும் சேர்த்து வைப்பதையே ஒரு துறையாக்கியவர் நம் தமிழர், அதிலும் தம் இறுதிக் காலத்தை நம் பெங்களூரில் கழித்தவர் என்பது இங்குள்ளோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் சென்னையில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். வந்த புதிதில் அந்த ஆளரவமற்ற அறை சிறைபோல் தோன்றப் பழைய வேலைக்கே திரும்ப முனைந்தாராம். இலண்டனுக்குச் சென்று பயின்று திரும்பிய பின்னர் அவர் நூலகத்தை விட்டு நீங்கவில்லை. 1931-இல் அவர் வகுத்த நூலக விதிகள் ஐந்தும் உலகெங்கும் பயிலப்படுகின்றன. அவற்றுள் நடுவில் நிற்பவை இரண்டு: வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் உண்டு, நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் உண்டு. நன்னூலார் சொன்ன 'கேட்போர்' நூலகத்து வாயில் வழியே திரும்பி வந்துவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்குக் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி அனுப்பினார். நூலைத் தேடி வர இயலாத உழவரை நூலே தேடிச் சென்றது. அரங்கநாதன் 1962-இல் இந்நகரில் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவினார். 1972-இல் இங்கேயே மறைந்தார்.

அவர் இருந்த ஊரில் இருந்துகொண்டு, கேட்க வந்த பெண்ணிடம் எல்லாம் நல்ல நூல்களே என்று சொல்லி அனுப்பினோம்.

நம் நான்கு பீரோக்கள் எப்படி நிரம்பின என்பதை உறுப்பினர் அறிவர். விழாக்களில் மாலைக்கு மாற்றாகக் கொடுத்தவை பாதி. ஆசிரியர்கள் அன்பளிப்பாகத் தந்தவை கொஞ்சம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பதிப்பகத்தின் (பெயர் வேண்டா) விலைப்பட்டியலை நம்பி மொத்தமாக வாங்கியவை மிச்சம். அப்பட்டியலில் எல்லா நூலும் ஒவ்வொரு தமிழர் இல்லத்திலும் இருக்க வேண்டிய நூலாகவே இருந்தது. அவற்றுள் பல இன்றும் நம் இல்லத்தில், அதாவது மூன்றாம் பீரோவில், ஒட்டிய பக்கம் பிரியாமல் இருக்கின்றன. வாங்கச் சொன்னவர்களுள் நாமும் ஒருவர். இடமில்லாமையால் இரண்டு பீரோக்களை எடுத்துவிட்டு நாற்காலிகள் அடுக்கலாம் என்று இவ்வாண்டுச் செயற்குழுவில் பேச்சு எழுந்தபொழுது, வேண்டாம் என்று சொல்லுதற்கு நம்மிடம் காரணம் ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை நூல்களைப் பின்பக்கத்திலிருந்து திறந்து பார்த்தோம். பின்னட்டையில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்குமன்றோ? அது ஒரு பாயிரம். யாரும் யாருக்காகவும் எழுதாதது. 'பொன்னியின் செல்வன்' முதற்பாகத்தில் சீட்டின்மேல் சீட்டு ஒட்டியிருந்தது. ஐந்தாம் பாகத்தில் ஒரு சீட்டே நிரம்பவில்லை. எங்கெங்கே எத்தனை பேர் இறங்கிப் போனார்கள் என்பதை நிலையம் நிலையமாகப் பார்ப்பது போல் இருந்தது. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நூலில் ஒரு புதுமை. பல ஆண்டுகளாக மார்கழியில் மட்டும் முத்திரை விழுந்திருந்தது. பதிவேட்டைப் பார்த்தோம், எல்லாம் ஒரே பெயர். ஓய்வு பெற்ற கார்டு ஒருவர். அவரிடம் காரணம் கேட்டோம். "நமக்குச் சொந்த ஊர் கும்பகோணம், சார். இப்போ அங்கே நமக்கு வீடு இல்லை. மார்கழியிலே அந்தத் தெருவெல்லாம் ஒரு தடவை நடந்துட்டு வருவேன்" என்றார். அந்நாவலைப் பற்றி இதுவரை நாம் படித்த எந்த மதிப்புரையும் இவ்வளவு தெளிவாக அஃது யாருக்கு என்று சொன்னதில்லை.

அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி மேசைமேல் கட்டி வைத்துள்ளோம். நூலைத் திருப்பித் தருபவர் விரும்பினால், அஃது எத்தகையவருக்கு ஏற்கும் என்று ஒரு வரி எழுதலாம். நன்று, தீது என்று எழுத வேண்டுவதில்லை. தம் பெயரை மட்டும் எழுதவேண்டும். முதல் வரி கார்டு ஐயாவினுடையது.

அந்தப் பெண்ணை மறுபடியும் கண்டோம். இம்முறை அவள் கேட்கு முன்னரே நாம் கேட்டோம்: தமிழில் இதுவரை எதை முழுதும் படித்தாய், எழுத்து ஓடுகிறதா, கதை பிடிக்குமா பாட்டுப் பிடிக்குமா என்று. எழுத்துத்தான் ஓடவில்லை என்றாள். நான்காம் பீரோவின் அடித்தட்டில், விருந்தினர் கண்ணில் படாதவாறு நாமே வெட்கப்பட்டு ஒதுக்கி வைத்திருந்த பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையை எடுத்துக் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டு வந்தாள். பாதிதான் படித்தாளாம், பதுமைகள் கதைக்குள் கதை சொல்லிக்கொண்டே போவதில் வழி தவறிவிட்டதாம். ஆனால் அவள் பாட்டி முழுவதையும் படித்துவிட்டாளாம், கண்ணாடி போடாமலே. இன்னொன்று வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கின்றார். அந்த அம்மையாரின் ஊர் எது, இதுவரை என்னென்ன படித்திருக்கின்றார் என்று அடுத்த ஞாயிறன்று நேரில் போய்க் கேட்டு வர எண்ணியுள்ளோம்.